பதின்மூன்று செவ்வாய்ப் பூசை

அம்மாபேட்டை, சேலம்
14.8.2025

சேசு மரி சூசை துணை

அன்பு மகள் ஜீவாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கை இலக்கியாவும் மாதா புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி பிடிக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்பா போர்வெல் வண்டியோடு ஆந்திரா போய் நேற்றுத்தான் திரும்பினார், முழங்கால் வீக்கம் வற்றியிருக்கிறது. இலக்கியாவின் காலேஜ் பஸ் இப்போது நம் தெருமுனைக்கே வருகிறது, அப்படியும் தினமும் ஓடித்தான் ஏறுகிறாள். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் அம்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கையெழுத்துக்கு அனுப்பும் காகிதத்தோடு இதையும் வைக்கிறேன். முதலில் இதைப் படி, பிறகு அதைப் பிரி.

சந்தோஷ்குமார் வீட்டிலிருந்து போன மாதம் ஒரு ஆள் வந்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனான் என்று சொன்னேன் அல்லவா. கோர்ட்டில் உங்கள் விவாகரத்து முடிந்தாலும் கோயிலில் மறுபடி தாலி கட்ட முடியாது என்பதால், நடந்த திருமணமே செல்லாது என்று திருச்சபை நீதிமன்றத்தில் அவன் மனுப் போட்டிருக்கிறான், அதற்கு உன் பக்கம் எதிர்ப்பு இல்லை என்று நீ எழுதித் தர வேண்டுமாம். மனுவில் காரணம் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா, பெண் ஆரம்பம் முதலே குடும்ப வாழ்க்கைக்கு உடன்படவில்லை, மனநிலை சரியில்லை. நீ என்னவென்றால் போட்டுக் கொடுத்துவிடலாம் அம்மா, முடிந்தால் போதும், ஊர் என்ன பேசினால் எனக்கென்ன என்கிறாய். ஜீவா, அந்தத் தாளை நான் அடுப்பில் வைத்துவிட்டேன். கோபித்துக்கொள், பரவாயில்லை. அதில் நீ கையெழுத்துப் போட்டால், ஆயர் அனுமதி இல்லாமல் இவளுக்கு மறுமணம் கூடாது என்ற தடை உன் பெயருக்கு நேரே விழக்கூடும், அவன் சுத்தமானவனாக வெளியே வருவான். தம்மம்பட்டிப் பக்கம் அவனுக்குப் பெண் கூடப் பார்த்து வைத்துவிட்டார்கள்.

உன் கல்யாணத்துக்கு முன் நான் எதை விசாரிக்கவில்லை சொல். குடி உண்டா, சிகரெட் உண்டா, சீட்டு உண்டா, நாமக்கல்லில் அவர்களுடைய லாரி பாடி கட்டும் பட்டறை சொந்த இடமா, ஞாயிறு பூசைக்கு வருவானா. எல்லாவற்றுக்கும் நல்ல பதில்தான் வந்தது. நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று என்னைக் கோயில் ஆபீசில் வேலைக்கு வைத்திருக்கிறார்கள், உன் திருமண அறிவிப்பு ஓலையை எழுதியதும் நான்தான். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்பட்டது, தடை ஏதும் தெரிவிக்கப்படவில்லை என்று என் கையாலேயே எழுதி, சாமியாரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரையும் குத்தினேன். நாலாம் மாதம் நீ போன் செய்து, அவர் எந்த நேரமும் அந்தப் படங்களைத்தான் பார்க்கிறார் அம்மா, அது இல்லாமல் என் பக்கமே திரும்புவதில்லை, திரும்பினால் அதில் வருகிற மாதிரி என்னை இருக்கச் சொல்கிறார், மாட்டேன் என்றால் மரக்கட்டை என்கிறார் என்று அழுதபோது, அதே கையோடு நான் உனக்குச் சொன்னது என்ன. குடிக்கிறானா, அடிக்கிறானா, போன்தானே, நவநாள் சொல்லு சாமி, சரியாகிவிடும். அதன் பிறகு நீ என்னிடம் எதுவும் சொல்லவில்லை. பொங்கலுக்கு வரும்போது குளியலறைக்கு ஒரு உள்தாழ்ப்பாள் வாங்கி வா என்று மட்டும் கேட்டாய். நானும் எதற்கு என்று கேட்காமல் கடைவீதியில் பித்தளையில் நல்லதாகப் பார்த்து வாங்கி வந்தேன். உன் வீட்டுக்குள்ளேயே நீ துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்திக்கொண்டு நடந்ததையும், அவன் போனை எடுத்தால் நீ கதவு மறைவுக்குப் போய் நின்றதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பஸ் ஏறி வந்துவிட்டேன். அவன் உன்னைப் படம் பிடிக்கப் பார்த்தான் என்பது நீ பெட்டியோடு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

ஜூன் மாதம் நீ அங்கே விட்டு வந்த பழைய நர்சிங் சான்றிதழ்களை வாங்க நாமக்கல் போயிருந்தேன். உன் மாமியார் சௌந்திரம் வாசலிலேயே நிறுத்திக் கவரைக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன், அவருக்குத்தான் வாய் நிற்கவில்லை. ஏனுங்க சம்பந்தி, ஒலகத்துல எவன் போன் பாக்காம இருக்கறான், எம் மவன் குடிக்கறானா, இன்னொரு பொம்பள ஊட்டுக்குப் போறானா, அந்தக் கருமத்த உட்டுத் தொலைக்கோணும்னுதான் கல்யாணத்துக்கு முன்னாலயே அந்தோனியாருக்குப் பதிமூணு செவ்வாய் பூச வெச்சனுங்க, கட்டி வெச்சா சரியாப் போயிரும்னு பாத்தன், உங்க புள்ளைக்குத்தான் புருசன வெச்சுக்கத் தெரியல என்றார். போன்தானே என்று நான் உன்னிடம் சொன்னதையே அவரும் சொல்கிறாரே என்று முதலில் எனக்கு நெஞ்சு கூசியது. படியிறங்கும்போதுதான் மற்றது உறைத்தது. கல்யாணத்துக்கு முன்னாலயே என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். பூசை வைத்திருந்தால் யாருக்காக, எதற்காக என்று கருத்து எழுதியிருக்க வேண்டும், எழுதியிருந்தால் நோட்டு இருக்கும். பதினோரு வருடமாக அந்த வேலையைத்தானே நான் பார்க்கிறேன்.

அந்தப் பக்கத்து அந்தோனியார் கோயில்களில் ஒவ்வொன்றாக விசாரித்தேன். சொந்தப் பங்குக் கோயிலில் கொடுத்தால் ஊருக்குத் தெரியும் என்று சேந்தமங்கலம் போகும் வழியில் இருக்கிற அந்தோனியார் கோயிலுக்குப் போய்க் கொடுத்திருக்கிறார். அங்கே ஆபீசில் விஷயத்தைச் சொன்னேன், சாமியார் பழைய நோட்டை எடுத்துவரச் செய்தார். 2023 ஜனவரியிலிருந்து வரிசையாகப் பதின்மூன்று செவ்வாய், ஒவ்வொன்றிலும் ஒரே வரி. மகன் சந்தோஷ்குமார் செல்போன் கெட்ட பழக்கத்திலிருந்து விடுபட, வேண்டுவோர் தாயார் சௌந்திரம், நாமக்கல். பதின்மூன்றாவது செவ்வாய் முடிந்த ஞாயிற்றுக்கிழமைதான் பழத்தட்டோடு நம் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். நான் அவருக்கு இரண்டு தரம் காபி கொடுத்தேன்.

அந்தப் பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு திருச்சபை நீதிமன்றச் சாமியார் முன் போய் உட்கார்ந்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் படங்களைப் பார்த்தான் என்பது பாவம், ஆனால் அதை வைத்து மட்டும் திருமணம் செல்லாது என்று சொல்ல முடியாது, நாங்கள் நல்ல திருமணமா கெட்ட திருமணமா என்று பார்ப்பதில்லை, பீடத்தின் முன் வார்த்தை கொடுத்த அன்று கணவனாக இருக்க அவனால் முடிந்ததா, பெண்ணிடம் முக்கியமானதை மறைத்தார்களா என்றுதான் பார்க்கிறோம், அதனால் கல்யாணத்துக்கு முந்திய சாட்சிதான் பேசும் என்றார். பிறகு என்ன படம் அம்மா, நீங்களே சொல்லுங்கள், எழுதிக்கொள்ள வேண்டும் என்றார். யார் முகத்தைப் பார்த்தும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் எனக்குப் பேச வராது என்று உனக்குத் தெரியும். பேனாவை வாங்கித் தாளில் எழுதிக் கொடுத்தேன். வாசித்துக் காட்ட வேண்டும் என்றார். வாசித்தேன் ஜீவா. மூன்று பேர் இருந்த அறையில் ஆபாசப் படம் என்று சத்தமாக வாசித்தேன். நீ சொன்ன அத்தனையையும் அதன் பிறகு வாயாலேயே சொன்னேன், தாழ்ப்பாள் வாங்கியது உட்பட. சௌந்திரத்தையும் கூப்பிட்டு வேதாகமத்தின் மேல் கை வைக்கச் சொல்லி அந்த நோட்டின் நகலைக் காட்டினார்களாம். இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. திருமணம் செல்லாது என்றே தீர்ப்பு வரட்டும், எனக்கும் அதுதான் வேண்டும், ஆனால் அவனால் செல்லாது என்று வர வேண்டும், தடை அவன் பெயருக்கு நேரே விழ வேண்டும். தம்மம்பட்டிப் பெண்ணின் ஓலையை எழுதப் போகிற கோயில் ஆபீசில் அது கண்ணில் பட வேண்டும்.

இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவர்கள் பங்குக் கோயிலிலும் செவ்வாய் சாயங்காலம் அந்தோனியார் நவநாள் உண்டு, உபதேசியார் கருத்துகளை மைக்கில் வாசித்துவிட்டுத்தான் பூசை தொடங்கும். அங்கே போய்ப் பதின்மூன்று செவ்வாய்ப் பூசைக்குக் கொடுத்திருக்கிறேன். முதல் பூசை நேற்று முன்தினம். உன் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தேன். உபதேசியார் எதையும் யோசிக்காமல் இறந்தவர்கள் பெயரை வாசிக்கும் அதே குரலில் வாசித்தார். பட்டறைத் தெரு சந்தோஷ்குமார் செல்போன் கெட்ட பழக்கத்திலிருந்து விடுபட, வேண்டுவோர் ராசாத்தி மேரி, அம்மாபேட்டை. முன்னால் ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. மூன்றாம் வரிசையில் சௌந்திரம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்தார். பதின்மூன்று வாரம் பஸ் மாறி மாறிப் போய் மகனுக்காக வேண்டிய பொம்பளை என்று ஒரு நிமிடம் எனக்குப் பாவமாக இருந்தது. பிறகு அந்தத் தாழ்ப்பாள் ஞாபகம் வந்தது, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

பூசை முடிந்து வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். இப்படி மைக்குல போட்டு மானத்த வாங்கறீங்களே, நீங்க வெளங்குவீங்களா என்றார். நீங்க எழுதுனதத்தானுங்க சம்பந்தி நானும் எழுதுனேன், தாயார் இருந்த இடத்துல எம் பேரப் போட்டேன், அவ்வளவுதானுங்க என்றேன். பஸ்ஸில் வரும்போது பசித்தது, இறங்கியதும் இரண்டு தட்டுவடை செட் வாங்கித் தின்றேன். அப்பாவிடம் சொன்னதற்கு அவர் அடுத்த செவ்வாய் நானும் வரட்டுமா என்று மட்டும் கேட்டார். பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்வதா என்று யோசித்தேன். வேண்டிக்கொண்டதற்கு எந்தச் சாமியார் என்ன அபராதம் கொடுப்பார். இன்னும் பன்னிரண்டு செவ்வாய் இருக்கிறது.

ராத்திரி டியூட்டிக்குத் தனியாக நடக்காதே, நல்லெண்ணெய் பாட்டில் அடுத்த பார்சலில் வரும். இந்தக் காகிதம் உன் பதில் மனு, நடந்தது நடந்தபடி இருக்கிறது, ஒரு வரி தப்பாக இருந்தாலும் அடித்துத் திருத்து. மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன், நீல மையில் கையெழுத்துப் போட்டு மாதக் கடைசிக்குள் வந்து சேரும்படி அனுப்பு. நான் முத்திரை குத்திக் கொடுத்ததை நான்தான் அழிக்க வேண்டும், அதற்கு உன் கையெழுத்து எனக்கு வேண்டும் சாமி. நாளை மாதா திருநாள், உன் பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். உன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டு ஆசீர்வதிக்கிறேன்.

உன் அம்மா,
ராசாத்தி மேரி