‘ஓர் ஆசிரியை’ எழுதியது

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உடம்பு தேவலையா? போனை வாங்கி வைத்துக்கொண்டு கடிதம் மட்டும்தான் என்கிறார்கள் உங்கள் சிகிச்சை மையத்தில். சரி, எனக்கும் கையெழுத்து திருந்தட்டும். அடுத்த வெள்ளிக்கிழமையோடு உன் நாற்பது நாள் முடிகிறது. நானே வந்து கையெழுத்துப் போட்டு அழைத்து வருகிறேன். மாத்திரைப் பழக்கம் பற்றி இங்கே யாருக்கும் தெரியாது. வெளியூரில் வேலை என்று சொல்லியிருக்கிறேன். நீயும் உளறி வைக்காதே.

அந்தப் பாடகன் செத்த செய்தி அங்கே வந்ததா? மன அழுத்தமாம், போதை மாத்திரையாம். எங்கள் ஆசிரியர் அறையில் பாதிப் பேர் அழுகிறார்கள், பாதிப் பேர் திட்டுகிறார்கள். நான் எந்தப் பாதி என்று கேட்காதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 6

அக்காவுக்கு,

நீ எந்தப் பாதி என்று தெரிந்துவிட்டது.

இங்கே காலையில் ஆளுக்கொரு நாள் செய்தித்தாளை உரக்கப் படிக்க வேண்டும். நேற்று என் முறை. வாசகர் கடிதத்தில் ‘ஓர் ஆசிரியை’ எழுதியிருந்தார்: “கொழுப்பெடுத்துச் செத்தவனுக்கு எதற்கு மாலை? கூடப்பிறந்தவர்களை நினைத்தானா? நாலு சாத்து சாத்தியிருந்தால் திருந்தியிருப்பான்.”

நாலு சாத்து, நீ வாய்க்கு வாய் சொல்வதாயிற்றே; அது வந்ததுமே ஆள் யாரென்று புரிந்தது. நிறுத்தினால் ஏன் என்பார்கள். இருபது பேர் முன்னால் கடைசி வரி வரை படித்தேன். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர், “நம்மளத்தான் சொல்றாங்க, கேட்டுக்குங்க” என்றார். அன்று யாரும் டீ குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நீ வர வேண்டாம். கையெழுத்துக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி

மார்ச் 9

தம்பி,

எழுதியது நான்தான். மழுப்பப் போவதில்லை.

குளியலறைக் கதவை உடைத்து உன்னைத் தூக்கியவள் நான். உனக்கு நினைவு திரும்பிய பிறகு, ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக் கோபத்தையெல்லாம் செத்துப்போனவன் தலையில் கொட்டினேன். அவன் திருப்பிக் கேட்க மாட்டானே.

அதை மறுத்துப் பத்திரிகைக்கு இன்னொரு கடிதம் அனுப்பினேன், இந்த முறை பெயர் போட்டு. “செய்தி பழசாயிடுச்சு மேடம்” என்று சொல்லிவிட்டார்கள். நான் விடவில்லை. பள்ளியில், ஆசிரியர் அறையில் எழுந்து நின்று அதையே வாசித்தேன், நீ எங்கே இருக்கிறாய் என்பது உட்பட. தலைமையாசிரியர் மணி பார்த்தார். ஒருத்தி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். கணக்கு டீச்சர் மட்டும் பின்னாலேயே குழாயடிக்கு வந்து, “எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான். அந்த அட்ரஸ் குடுப்பீங்களா?” என்று கேட்டாள்.

நீ வேண்டாம் என்றாலும் வெள்ளிக்கிழமை வருவேன். வாசலில் நிற்க வைத்தாலும் நிற்பேன்.

அக்கா

மார்ச் 12

அக்கா,

வந்தாலும் என்னை அழைத்துப் போக முடியாது.

வெளியே வந்ததும் யாரிடம் மாத்திரை வாங்குவது என்று ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தேன். நீ கூட இருந்தால் அது நடக்காது. உன்னை வர வேண்டாம் என்றதற்குக் கோபம் பாதிதான் காரணம். மீதிக்கு உன் வாசகர் கடிதம் நல்ல சாக்காகக் கிடைத்தது. நீ மழுப்பாமல் எழுதியதைப் படித்த பிறகு என்னாலும் மழுப்ப முடியவில்லை.

இன்று டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்னும் ஒரு மாதம் இரு என்கிறார். சரி என்றிருக்கிறேன். காலையில் கட்டிலை விட்டு எழுவதே பெரும்பாடாக இருக்கிறது. நாளைக்கும் சரி என்பேனா, தெரியாது.

அதனால் வா. நாலு மணி வரை பார்க்க விடுவார்கள். கேட்கத் தைரியம் வரவில்லை என்றாயே, அதைக் கேள். பதில் சொல்லப் பார்க்கிறேன்.

தம்பி