இரட்டைத் தையல் போட்ட பதினேழு

ஆமாம், நான்தான் பிரித்தேன். உன்னிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. இப்படியா ஒரு கடிதத்தை ஆரம்பிப்பது, முதலில் நலம் கேட்க வேண்டாமா என்று நீ நினைப்பாய். கேட்கிறேன் கண்ணா. நேரத்துக்கு இல்லாவிட்டாலும் எப்போதாவது சாப்பிட்டு, ஏதோ கொஞ்சம் தூங்கி, உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். என் கழுத்து வலி அப்படியேதான். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. எங்கள் நலம் அவ்வளவுதான். எட்டு மாதமாக எழுதாதவன் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாய். 'அம்மா, ஊர்க்காரங்க ஜெர்சியில இருந்து என் நம்பரைப் பிரிச்சுக் கொடுத்தது நீதானா? நீதான்னா நான் இனிமே அங்க வர்றதா இல்ல.' ஒன்றில்லை, இரண்டு வரி. எண்ணிப் பார்த்தேன். போனில் பதில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும். என்றைக்காவது எடுப்பாய்.

குளிர்பதனக் கிடங்கில் உன்னோடு வேலை செய்கிற நம் ஊர் எலக்ட்ரீஷியன்தான் சொல்லியிருப்பார். அவர்மேல் கோபப்படாதே. அவர் ஜெர்சியும் என்னிடம் வந்தது. இடது தோளில் கொக்கி மாட்டிக் கிழிந்திருந்தது, அதையும் தைத்துக் கொடுத்தேன். எண்ணைப் பிரிக்கக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. 'தோளை மட்டும் பாருங்கக்கா' என்றார், அப்புறம் 'முதுகையும் பாருங்க' என்றார். நான் பார்த்தேன். 

கடை நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. ஒரு மிஷின், ஒரு பெஞ்சு, மைதானத்துச் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். நம் ஊர் கால்பந்து அணிக்காக நீ அந்த இரண்டு கோல் அடித்த வாரம் இந்த ஜன்னலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை வரிசை நின்றது. எல்லோருக்கும் ஜெர்சியில் உன் எண் பதினேழு வேண்டும். ஒரு எண் வைக்க ஒரு வரித் தையல் போதும், யார் எண்ணாக இருந்தாலும் அப்படித்தான் தைப்பேன். உன் எண்ணுக்கு மட்டும் இரண்டு வரி போட்டேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் தெரியாது, நூல் இரண்டு மடங்கு ஆகும், நேரமும் ஆகும். இருந்தாலும் போட்டேன். துவைத்தாலும் போகக் கூடாது, இழுத்தாலும் வரக் கூடாது. பிரிக்கப்போகிறவளும் நான்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். யாரும் உன்னிடம் எதையும் கேட்கவில்லை, எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சலூன்காரர் தன் கடைச் சுவரில் உன்னை ஆளுயரத்துக்கு வரைந்து வைத்தார். மூக்கு மட்டும் உன்னுடையது இல்லை. மருந்துக்கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'பையன் முட்டி எப்படிம்மா இருக்கு?' என்றுதான் கேட்பார், எனக்கு என்ன மருந்து வேண்டும் என்று கேட்க மாட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பயத்தை வெளியே சொன்னால் அது நடந்துவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். அது தப்போ என்னவோ. அம்மாவாவது ஒரு தடவை, அடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

இறுதி ஆட்டத்தன்று நான் கடையில்தான் இருந்தேன், உனக்குத் தெரியும். அப்பா எங்கே இருந்தார் என்று உனக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்து வருகிற கூட்டத்தை ஏற்ற அவர் ஓட்டுகிற பஸ்ஸைத்தான் போட்டிருந்தார்கள். மைதானத்துச் சுவருக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளிருந்து வருகிற சத்தத்தை வைத்தே முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறார். பெனால்டி என்றதும் சத்தம் நின்றுவிட்டது. ஊரே மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது எனக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பஸ் கூரையில் டமால் என்று ஒன்று விழுந்தது. யாரோ கல் எறிகிறார்கள் என்று கீழே இறங்கியிருக்கிறார். பந்து. கோல் கம்பத்துக்கு மேலே போய், கேலரிக்கு மேலே போய், சுவரையும் தாண்டி, அவர் வண்டியின் மேலேயே வந்து விழுந்திருக்கிறது. உருண்டு அடியில் போய் நின்றது. அதை எடுக்கக் குனிந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யார் அடித்த பந்து என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இனி எழுதப்போவதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் கேட்டிருந்தார். இரண்டு வருடம் காப்பாற்றினேன். நீ இப்படி எழுதிய பிறகு அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது. என்னிடம் பிரிக்க வந்த முதல் ஜெர்சி ஊர்க்காரனுடையது இல்லை கண்ணா. அப்பாவுடையது.

கடையில் விற்ற ஜெர்சி அவர் வயிற்றுக்கு ஏறவில்லை என்று நான் பருத்தித் துணியெடுத்து நீல நிறத்தில் தைத்துக் கொடுத்தேனே, அதுதான். ஆட்ட நாளில் மட்டும் சீருடைக்கு மேலே அதைப் போட்டுக்கொள்வார், டெப்போ மேலாளர் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஊரில் இருக்க முடியாமல் நீ ரயிலேறிய அடுத்த வாரம் புதுப் பருவம் தொடங்கியது. வேண்டாம் என்றேன். 'என் பையன் நம்பரை நான் போடாம எவன் போடுவான்?' என்று சொல்லிவிட்டுப் போட்டுக்கொண்டு போனார். அந்தப் பழைய பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்கு முதுகு பாதிதான். பின்னால் உட்காருகிற அத்தனை பேருக்கும் பதினேழு தெரியும். அவருக்கு அவர்கள் முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். முதல் நாள், 'டிரைவர் அண்ணே, பிரேக்கையாவது சரியா மிதிப்பீங்களா?' இரண்டாவது நாள், 'ஸ்டாப்பிங்குக்கு மேல போயிடாதீங்கண்ணே, உங்க குடும்பத்துல எல்லாமே கொஞ்சம் மேலதான் போகும்.' மூன்றாவது நாள் அவர் நிஜமாகவே நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்திவிட்டார். இருபத்து நான்கு வருடத்தில் முதல் தடவை. பஸ் முழுக்க விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. ஒரு ஆள் கைகூடத் தட்டினானாம். அப்பா எழுந்து திரும்பியிருக்கிறார், கையில் அந்தக் கண்ணாடி துடைக்கிற கட்டை இருந்திருக்கிறது. முன்வரிசையில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்ததாம். திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்தார். நின்றபடியே ஜெர்சியைக் கழற்றி மிஷின்மேல் வைத்தார். 'பிரிச்சிடு. இல்லேன்னா நான் எவனையாவது அடிச்சிடுவேன்' என்றார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் பிளேடை எடுத்தேன். இரண்டு வரித் தையல். ஒன்றைப் பிரித்து முடித்தால் இன்னொன்று. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், 'எதுக்கு இவ்ளோ இறுக்கமா தச்சே?' என்றார். நான் அடுத்த வரிக்குப் பிளேடை விட்டேன். பிரித்து விரித்துப் பார்த்தால் பதினேழு அப்படியே இருக்கிறது. துவைத்து முதுகுப்பக்கம் வெளியே தெரியத்தான் கொடியில் போடுவேன், ஊர் பார்க்கட்டும் என்று. மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்துவிட்டது, எண்ணுக்கு அடியில் இருந்த நீலம் மட்டும் வெளுக்கவில்லை. வெள்ளைப் பதினேழு போய் நீலப் பதினேழு வந்துவிட்டது. அப்பா அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு சீருடைக்கு மேலே போடவில்லை. உள்ளே போட்டுக்கொள்கிறார், எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு. துவைப்பது நான்தானே.

அவருக்குப் பிரித்துக் கொடுத்தவள் மற்றவர்களுக்கு மாட்டேன் என்று எப்படிச் சொல்வேன். வந்தார்கள். தலையைக் குனிந்துகொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், வீட்டிலிருந்து மனைவியை அனுப்பியவர்கள் இருக்கிறார்கள், நான் உன் அம்மா என்று தெரியாமலே என்னிடம் உன்னைத் திட்டியவர்களும் இருக்கிறார்கள். திருப்பி அனுப்பியிருந்தால் வீட்டில் உட்கார்ந்து கத்தரியால் பிடுங்கி எடுத்திருப்பார்கள். என் கண்முன் பிரிந்தால் ஒழுங்காகப் பிரியட்டும் என்று நினைத்தேன். இது சரியான காரணம்தானா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பிரித்த எண்கள் எதையும் எறியவில்லை. ஒரு தலையணை உறையில் போட்டு வைத்திருக்கிறேன். அப்பாவுடையது மட்டும் தனியாக, பொத்தான் டப்பாவில்.

நம் ஒட்டடைக்குச்சிப் பயலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சி முடிந்து உன்னோடு வந்து நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். அவன் ஓடினால் நாலு கால் இருக்கிற மாதிரி தெரியும் என்று நீயே சிரிப்பாய். யாரும் அவனிடம் எதையும் எதிர்பார்த்ததில்லை. நீ போனதால் காலியான இடத்தில் வேறு ஆள் இல்லாமல் அவனை இறக்கினார்கள். பெயர் அறிவித்ததும் கூட்டத்தில் பாதி எழுந்து டீ குடிக்கப் போய்விட்டதாம். திரும்பி வருவதற்குள் கோல். அந்த வருடம் முழுக்க அப்படித்தான், எந்தக் கால் எங்கே போகிறது என்று எதிராளிக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை, பந்து உள்ளே போனது. அவன் எண் பத்தொன்பது. நம் ஆட்கள் சிக்கனமானவர்கள். 'முழுசாப் பிரிக்க வேண்டாம்கா, ஏழு மட்டும் எடுத்துட்டு ஒன்பது வச்சிடுங்க, ஒண்ணு அப்படியே இருக்கட்டும்' என்று கொண்டுவந்தார்கள். ஊரில் பத்தொன்பது போட்டுத் திரிகிற பாதிப் பேர் முதுகில் முன்னால் நிற்கிற ஒன்று உன்னுடையது. அதில் இன்னும் இரண்டு வரித் தையல்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் அவன் கடைக்கு வந்தான். வந்ததும், 'என்னம்மா, என் ஒன்பதுக்கு ஒத்தைத் தையல், அவன் ஒண்ணுக்கு மட்டும் ரெட்டையா? இப்பதான் கவனிச்சேன்' என்று சிரித்தான். 'உனக்கெல்லாம் பிரிக்கச் சுலபமா இருக்கட்டும்னுதான்டா' என்று நானும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவன் முகம் மாறிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நாலு ஆட்டமாக அவனுக்கு ஒரு கோலும் விழவில்லையாம். பெஞ்சில் உட்கார்ந்து, கால் இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் மடக்கி வைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டான், 'யாராவது பிரிக்கக் கொண்டு வந்தாங்களாம்மா?' அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறான். அன்று காலையில் இரண்டு வந்திருந்தது. மிஷினுக்குக் கீழே கிடந்ததைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, 'ஒருத்தரும் வரலடா' என்றேன். நம்பினானா தெரியவில்லை. எழுந்து போகும்போது, 'அவன் எழுதினா நான் கேட்டேன்னு சொல்லுங்க, இப்பதான் அவனைப் புரியுது' என்றான். சொல்லிவிட்டேன்.

சலூன்காரர் உன் படத்தை அழிக்கவில்லை. அதற்கு மேலே ஒரு பெரிய கண்ணாடியை மாட்டிவிட்டார். 'அழிக்க மனசு வரலம்மா, பாக்கவும் மனசு வரல' என்றார். கண்ணாடிக்குக் கீழே உன் இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிகிறது.

மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதவில்லை. எழுதினால் நீ மன்னித்துவிடுவாய், உன் குணம் அப்படி, அதோடு எழுதுவதையும் நிறுத்திவிடுவாய். கோபமாகவே இரு. கோபத்தில் இரண்டு வரி எழுதினாய், இன்னும் நாலு வரி எழுது. வா என்று நான் கூப்பிடப்போவதில்லை. வருகிறாய் என்றால் எந்த பஸ் என்று மட்டும் முன்கூட்டிச் சொல், அப்பா அந்த வண்டிக்கு டூட்டியை மாற்றி வாங்கிக்கொள்வார்.

உன் காலும் கையும் நோகாமல், யார் முகத்துக்கும் பயப்படாமல், நீ நெடுநாள் நன்றாக வாழ வேண்டும். கிடங்குக்குள் போகும்போது இரண்டு காலுறை போட்டுக்கொள், வலது முட்டிக்கு அந்த உறையை மறக்காதே, குளிரில் அதுதான் முதலில் பிடித்துக்கொள்ளும். ஒரு வரியாவது எழுது.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா

கையெழுத்துப் போட்ட பிறகு இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மறைத்து அனுப்ப முடியவில்லை. முழுதும் கேட்டார், திட்டவில்லை. உள்ளே போய், போட்டிருந்த சட்டைக்குள்ளிருந்து அந்த ஜெர்சியைக் கழற்றிக் கொண்டுவந்து மிஷின்மேல் வைத்தார். நான் பொத்தான் டப்பாவைத் திறந்து எண்ணை எடுத்து அதன் இடத்தில் வைத்துப் பார்த்தேன். துவைத்துத் துவைத்துத் துணி சுருங்கியிருக்கிறது, எண் சுருங்கவில்லை. பழைய ஊசித் துளை ஒன்றுகூடப் பொருந்தவில்லை. அங்கங்கே சுருக்கம் விட்டு, இரண்டு வரியாகத் தைத்தேன்.