ஞாயிற்றுக்கிழமைச் சடை

எர்ணாவூர்,
15-7-2002

அன்புள்ள மாப்பிள்ளை ஜெபசிங் அவர்களுக்கு,

அப்பாவு எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் கப்பல் இப்போது எந்தத் துறைமுகத்தில் நிற்கிறது என்று தெரியாததால், கம்பெனியின் பம்பாய் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன். எப்படியும் உங்கள் கைக்குச் சேர்த்துவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

கோர்ட் நோட்டீஸ் வந்திருக்கும். பார்த்ததும் என்மேல் கோபம் வந்திருக்கும். அது நியாயம்தான். ஆனால் உங்கள்மேல் போட்ட வழக்காக அதை நினைக்க வேண்டாம். மகிழினிக்கு நீங்கள் தகப்பன், சட்டப்படியும் நீங்கள்தான் கார்டியன். அதை நான் மறுக்கவில்லை. தகப்பன் வருஷத்தில் முக்கால்வாசி கடலில் இருக்கும்போது பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி. பெற்றவளுடைய அப்பாவிடமா, நேற்று வந்த ஒரு பெண்ணிடமா?

"நேற்று வந்த" என்று எழுதியிருக்கக்கூடாதோ என்று தோன்றுகிறது. அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

என் மகள் மாயா கண்மூடிய பிறகு இரண்டு வருஷம் பிள்ளை என்னோடுதான் இருந்தாள். நீங்கள் ரெஜியைக் கல்யாணம் செய்துகொண்டு, ராயபுரத்தில் உங்கள் வீட்டுக்குப் பிள்ளையை அழைத்துப் போன அன்று நான் வாசல்வரை வந்து பையைக் கொடுத்தேன். எதிரே நின்று பேச எனக்கு என்றுமே வந்ததில்லை. அதனால்தான் வக்கீல் கருணாகரனிடம் போய் உட்கார்ந்தேன். அவர் மறைக்காமல் சொன்னார்: "தகப்பன் உயிரோட இருக்கார், கெட்டவரும் இல்ல. ஜெயிக்கிறது கஷ்டம் பெரியவரே. ஆனா கோர்ட்டு கடைசியில பார்க்கிறது பிள்ளையோட நலனைத்தான். முயற்சி பண்ணலாம்."

இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளை என்னிடம் இருக்கலாம் என்று உத்தரவாகியிருக்கிறது. காலையில் ரெஜி திருவொற்றியூர் தேரடி பஸ் நிறுத்தத்துக்குக் கூட்டிவந்து, மாலையில் அங்கேயே வந்து அழைத்துப் போக வேண்டும். நேற்றுதான் முதல் ஞாயிறு.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மகிழினி, "வாங்க தாத்தா, சாப்ட்டியளா?" என்று கேட்டாள். ரெஜியின் ஊர்ப் பேச்சு. மாயாவாக இருந்தால், "இன்னா நைனா, துன்ட்டியா?" என்றுதான் கேட்டிருப்பாள். நான் எவ்வளவு திருத்தியும் மாறாத பேச்சு அது. அதைக் கேட்கத்தான் இப்போது ஏங்குகிறேன்.

ரெஜி என்னை "அப்பா" என்று கூப்பிட்டாள். நான் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிள்ளைக்கு இரட்டைச் சடை போட்டு, மடித்து, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். மாயா மகளுக்கு எப்போதும் ஒற்றைச் சடைதான் பின்னுவாள். மாயா போன பிறகு அந்த வேலையைப் பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம் கேட்டு நானே கற்றுக்கொண்டேன். முதல் நாள் அவள், "இன்னா நைனா, கவுறு திரிக்கிறியா? கொயந்த தல நைனா அது!" என்று தெருவே கேட்கச் சிரித்தாள். அப்புறம் நன்றாகவே வந்துவிட்டது. நேற்று வீட்டுக்கு வந்ததும் அந்த ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, ஒற்றைச் சடையாகப் பின்னிவிட்டேன். அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அப்பாவு

எர்ணாவூர்,
26-8-2002

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபமாக ஒரு வார்த்தைகூட இல்லை. அதற்கு நன்றி. "ரெஜி நல்லவள் மாமா, ஒரு தடவை உட்கார்ந்து பேசிப் பாருங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் நல்லவளாக இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

ஒவ்வொரு ஞாயிறும் பிள்ளையை உட்காரவைத்துப் பார்க்கிறேன். நகம் வெட்டியிருக்கிறது. காது சுத்தமாக இருக்கிறது. பாவாடை குட்டையாகிவிட்டதென்று ஓரம் பிரித்து இறக்கித் தைத்திருக்கிறாள். பாடப் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, முனை மடித்து, பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். அது என் வேலை. தொழிற்சாலை அலுவலகத்தில் ஃபைல்களுக்குப் போட்டுப் பழகிய கை என்னுடையது. அவள் போட்ட அட்டையை நகத்தால் கிளறிப் பார்த்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது.

வக்கீல் ஒவ்வொரு தடவையும், "ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்கிறார். இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாயாவை ஒரு நாளும் அடுக்களைவரை விடாத உங்கள் அம்மா, ரெஜியிடம் வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுத்திருக்கிறாராம். பிள்ளைதான் பேச்சுவாக்கில் சொன்னாள். ஏன் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாயா எந்தத் தெருவில் பிறந்தாள் என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. இதில் ரெஜியின் தப்பு எதுவும் இல்லை என்று அறிவுக்குப் புரிகிறது. ஆனால் அந்தச் சாவி குலுங்குகிற சத்தம் எர்ணாவூர்வரை எனக்குக் கேட்கிறது.

நேற்று கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். தூரத்தில் நின்ற கப்பலைக் காட்டி, "அப்பா கப்பலா தாத்தா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அம்மா சொல்லிச்சு, கிறிஸ்துமஸுக்கு அப்பா வந்துடுமாம்" என்றாள். அம்மா என்றதும் ஒரு கணம் எனக்கு யார் என்று விளங்கவில்லை. போன வாரம்வரை "ரெஜிம்மா"தான். அந்தச் சொல்லுக்கு உரியவள் மூலக்கொத்தளம் இடுகாட்டில் படுத்திருக்கிறாள், மாப்பிள்ளை. இந்தப் பெண் அதையும் எடுத்துக்கொண்டுவிட்டாள்.

குறை என்று ஒன்றாவது கிடைத்தது. இப்போதெல்லாம் அவள் பிள்ளையின் தலையை மிகவும் இறுக்கிப் பின்னி அனுப்புகிறாள். எண்ணெய் வழியவழியத் தேய்த்து, ரிப்பனுக்குள் கறுப்பு நூலும் சுற்றி முடிச்சுப் போடுகிறாள். அவிழ்ப்பதற்குள் எனக்கு விரல் வலிக்கிறது, பிள்ளைக்குக் கண் கலங்குகிறது. நானும் அது எளிதில் அவிழாதபடி கெட்டியாக ஒற்றைச் சடை பின்னித்தான் அனுப்புகிறேன். மகிழினி வாயே திறப்பதில்லை. முன்பெல்லாம் பின்னும்போது பள்ளிக்கூடக் கதையெல்லாம் சொல்வாள். இந்த முடிச்சு விஷயத்தை வக்கீலிடம் சொல்லியிருக்கிறேன். எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதக் கடைசியில் நீதிபதி பிள்ளையைத் தனியே அழைத்துக் கேட்பாராம்.

அப்பாவு

எர்ணாவூர்,
7-10-2002

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

ரெஜியும் உங்களுக்கு எழுதியிருப்பாள். இருந்தாலும் நான் பார்த்ததை நான் சொல்ல வேண்டும்.

நீதிபதி ஓர் அம்மாள். மகிழினியை மட்டும் தன் அறைக்கு அழைத்துக்கொண்டார். நானும் ரெஜியும் வெளியே ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நடுவில் பிள்ளையின் தண்ணீர் பாட்டில். பிள்ளை என் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்திருப்பாள், தன் பெயருக்காக.

பிறகு எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். நீதிபதியம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "யார்கிட்ட இருக்கப் பிடிக்கும்னு கேட்டேன். பாப்பா பதிலே சொல்லல. உனக்கு என்ன வேணும்னு கேட்டேன். தலைமுடிய ஒட்ட வெட்டிடச் சொல்லுங்கன்னு கேக்குது. முடி இருந்தா ரெண்டு பேரும் பின்னுவாங்களாம், இல்லாட்டி ஒருத்தரும் பின்ன வேணாமாம். என்னம்மா இது? என்ன பெரியவரே?"

மகிழினி நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை.

"ஐயோ, எம்பிள்ள ஏன் அப்படிச் சொல்லுச்சு?" என்று ரெஜி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "எம்பிள்ள" என்றாள். உண்மையை எழுதுகிறேன், அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்றது.

கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்று இரண்டு வாரம் தள்ளிவைத்தார். வராந்தாவில் ரெஜிதான் முதலில் பேசினாள். "நீங்க அவுத்துப் பின்னுதியன்னு தெரியும்பா. அவுக்க முடியாதபடி நானும் இறுக்கிட்டேன். ராத்திரி நீங்க போட்டத அவுக்கும்போது புள்ள தலகாணிய கடிச்சிக்கும்" என்றாள்.

"நானும்தாம்மா" என்றேன். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

நேற்று ஞாயிறு. தேரடியில் பிள்ளை தலைமுடியை விரித்துப் போட்டபடி இறங்கினாள். தலைக்குக் குளிப்பாட்டி, ஈரம் உலர்த்தி, பின்னாமல் கொண்டுவந்திருந்தாள் ரெஜி. சீப்பையும் ரிப்பனையும் என் கையில் கொடுத்து, "உங்க இஷ்டப்படி பின்னுங்கப்பா. நான் சாயங்காலம் தொடமாட்டேன்" என்றாள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. இந்த யோசனை எனக்கு அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்?

வீட்டில் பிள்ளையை முன்னால் உட்காரவைத்துச் சீப்பை எடுத்தேன். எப்படிப் பின்னட்டும் என்று கேட்டேன். இத்தனை ஞாயிறுகளில் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. ஒன்று என்பாளோ, இரண்டு என்பாளோ என்று சீப்பைப் பிடித்தபடி காத்திருந்தேன்.

"வலிக்காம" என்றாள்.

வலிக்காமல் பின்ன எனக்குத் தெரியவில்லை, மாப்பிள்ளை. பிடியைத் தளர்த்தித் தளர்த்தி இரண்டாகவே பின்னினேன். கடற்கரைக்குப் போய்த் திரும்புவதற்குள் பாதி அவிழ்ந்துவிட்டது. பச்சையம்மா பார்த்துவிட்டு, "இன்னா நைனா, எலி கூடு கட்னா மாறி கீது!" என்றாள். மகிழினி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல மாதமாகிறது. மாலையில் ரெஜி அந்தத் தலையைப் பார்த்தாள், சொன்னபடியே தொடவில்லை. அப்படியே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள்.

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். பிள்ளை ராயபுரத்திலேயே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கு என்று சமரச மனு போடச் சொன்னேன். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ரெஜி மறுக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். நீங்களும் மறுக்காதீர்கள்.

பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். இன்று காலை எழுந்ததும், இந்நேரம் அவள் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிள்ளை அவளிடம் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டிருப்பாளோ என்று அடுத்து நினைத்தேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மகிழினி ரெஜியை அம்மா என்றே கூப்பிடட்டும். ஆனால் மூலக்கொத்தளத்துக்கு அவளைக் கூட்டிப்போகும்போது, அங்கே இருப்பவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்பாள். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அதை நீங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். நான் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன், எனக்கு வாய் வரவில்லை.

நீங்கள் கரை சேரும்வரை கடல் உங்களிடம் சாதுவாக இருக்கட்டும். மகிழினி நன்றாக இருப்பாள். ரெஜியும் நன்றாக இருக்கட்டும்.

உங்கள் மாமனார்,
அப்பாவு