இரண்டு ராய்கட்

ஜனவரி 20
தனத்தின் தம்பி குரோம்பேட்டையிலிருந்து மறுபடியும் போன். அவன் வேலை பார்க்கும் குடோனில் சூப்பர்வைசர் இடம் காலியாம். காலையில் போனால் சாயங்காலம் வீடு. தனம் அதிலேயே குறியாக இருக்கிறாள். "அம்பத்தோரு வயசாச்சு. மாசத்துல ஆறு நாளு வூட்ல கீறியா நீ?" கேள்வி நியாயம்தான். ஆனால் ட்ரெய்லரை விட்டுவிட்டு, குடோன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நான் என்ன செய்வேன்?

ஜனவரி 22
ஆபீஸிலிருந்து சாலமன் சார் பேசினார். ராய்கட் லோடு, சனிக்கிழமை கிளம்பணும். மகாராஷ்டிரா ராய்கட், மூன்று முறை போன ஊர். சொன்னதும் தனம், "நானும் வரேன். இருபத்தி நாலு வருசமா அப்படி இன்னாதான் பண்றேன்னு பாக்கறேன். பாத்துட்டு சொல்றேன், குடோனா லாரியான்னு" என்றாள். சரி என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

ஜனவரி 24
திருமுடிவாக்கத்தில் லோடு ஏறியது. கன்வேயர் பிரேம், பதினெட்டு டன். லோடைக் கட்டுகிற பெல்ட் அறுபடாமல் இருக்க முனைக்கு முனை பழைய டயர்த் துண்டு வைத்துக் கட்டினேன். கேபினைக் கழுவி, சீட்டுக்குப் பின்னால் புது பெட்ஷீட் விரித்தாகிவிட்டது. பெண் பார்க்க வருகிற வீடு மாதிரி இருக்கிறது வண்டி.

ஜனவரி 25
எப்படி எழுதுவது இதை?
காலையில் நன்றாகத்தான் கிளம்பினோம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி நிறுத்தி, பெல்ட் எல்லாம் இன்னொரு சுற்று இறுக்கினேன். கொஞ்ச தூரம் ஓடினால் லோடு அமரும், பெல்ட் தளரும். மேலே ஏறி இறங்குவதைத் தனம் பார்த்தாள். "வூட்ல தண்ணி கேன தூக்க சொன்னா மட்டும் இடுப்பு புட்ச்சுக்குது" என்றாள். சிரித்துவிட்டேன்.
வாலாஜாவில் டீ. பொழுதுபோகாமல் தனம் லோடு பில்லை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இன்னாயா, சட்டிஸ்கர்னு போட்டுகீது?"
பிடுங்கிப் பார்த்தேன். எல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி. எனக்கு வெள்ளெழுத்து, ஒரு வருடமாக. யாரிடமும் சொல்லவில்லை. பில்லைத் தள்ளி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால், ஆமாம், சத்தீஸ்கர். அங்கேயும் ஒரு ராய்கட் இருக்கிறது. இங்கிலீஷில் எழுத்து வேறாம். நம் வாயில் இரண்டும் ஒன்றுதான். நான் வடகிழக்கே போகவேண்டிய லோடை மேற்கே நூறு கிலோமீட்டர் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்! அதுவும் இவள் பக்கத்தில் இருக்கும்போதா? குடோன் நாற்காலி கண் முன்னால் வந்து நின்றது. அவமானமாக இருந்தது.
சாலமன் சாரிடம் மறைக்கப் பார்த்தேன். ஜிபிஎஸ் விடுமா? "யோவ் வேதாசலம், வண்டி வாலாஜால இன்னா பண்ணுது?" நான் திணறியதைப் பார்த்து தனம் போனை வாங்கிக்கொண்டாள். "இவரு வேற ராய்கட்னு நெனச்சுக்கினாரு சார். நான் பேப்பர படிச்சு சொன்னேன். இப்பவே திருப்பிடறோம்." அந்தப் பக்கம் சிரிப்பு. "நீயாவது படிச்சியேம்மா. தெனம் எங்க கீறீங்கன்னு நீயே எனக்கு மெசேஜ் போடு" என்றாராம்.
சித்தூர் வழியாகத் திருப்பினேன். தனம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜனவரி 26
திருப்பதி தாண்டும்போது தனம் கேபினிலிருந்தே மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். "வழி தப்புனதுல இது ஒண்ணு லாபம்." அப்பாடா, பேசிவிட்டாள். நாயுடுபேட்டையில் கண்ணாடிக் கடை முன்னால் என்னை இறக்கினாள். போட்டுக்கொண்டேன். அவள் முகத்தில் இவ்வளவு சுருக்கம் எப்போது வந்தது?

ஜனவரி 28
விஜயவாடா தாண்டி நாற்பது கிலோமீட்டர். பெண்கள் போகிற மாதிரி ஒரு கழிப்பறை இல்லை. எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும், எங்கே மர நிழல், எல்லாம் அத்துப்படி எனக்கு. இது மட்டும் தெரியாது, ஒருநாளும் யோசித்ததில்லை. மூன்றாவது பங்க்கில் பூட்டியிருந்தது. தனம் இறங்கிப் போய், பெட்ரோல் போடுகிற பெண்ணிடம் கை ஜாடையில் பேசிச் சாவி வாங்கிவிட்டாள். தெலுங்கு ஒரு அட்சரம் தெரியாது இவளுக்கு.
இதற்கே குடோன் என்று சொல்லிவிடுவாள். சொன்னால் தப்பும் இல்லை.

ஜனவரி 29
பெல்ட் இறுக்க நிறுத்தினேன். கேட்காமலே இறங்கி, இடது பக்கம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "நாலாவது லூஸா கீது."
லூஸாகத்தான் இருந்தது.

ஜனவரி 31
ராய்கட். இறக்கியாச்சு. பிரேமில் ஒரு கீறல் கிடையாது.

பிப்ரவரி 7
இரும்புத் தகடு ஏற்றி வந்து அம்பத்தூரில் இறக்கிவிட்டு, கோவிலம்பாக்கம் வந்தோம். தனம் குளித்தாள், சாப்பிட்டாள், பத்து மணி நேரம் தூங்கினாள். தீர்ப்பு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரி 9
ஞாயிறு. காலையிலேயே மச்சான் குடோன் விண்ணப்பத்தோடு வந்துவிட்டான். கையெழுத்து மட்டும் போதுமாம். பேனாவைக்கூட மூடி கழற்றி நீட்டினான். நான் தனத்தைப் பார்த்தேன். அவள் இட்லித் தட்டை அவன் முன்னால் வைத்தாள்.
"வேற ஆளப் பாருடா. புதன்கிழம எங்களுக்கு விசாகப்பட்டினம் லோடு கீது."
விசாகப்பட்டினம் லோடு இருப்பது எனக்கே அப்போதுதான் தெரியும். சாலமன் சார் இப்போதெல்லாம் அவளுக்குத்தான் போன் செய்கிறாராம்.