குங்குமத்துக்கு இட்ட பொய்முத்திரை

நன்மை நிலைக்க. அலையே மதிலாகவும் பவளமே வேலியாகவும் உடைய பவளவேலித் தீவை ஆண்டு, அயல்நாட்டுச் சாந்தும் சுண்ணமும் தம் குடிகளின் முகத்தில் ஏறுமுன் அவற்றின் மெய்யறிந்து கரையேற்றும் வளைமுடித் தேவியார் திருமுன்பு, மருதவேலி நாட்டு மன்னர் இளஞ்சாத்தனார் இசைவோடு, அந்நாட்டுச் சுண்ணமுத்திரை அதிகாரி கண்டன் சேந்தன் விடுக்கும் ஓலை. தேவியார் நாட்டில் மழை பொய்யாதிருக்க. புண்பட்ட நெற்றிகள் தெளிக.

கடல் கடந்து விற்கப்போகும் மை, குங்குமம், சந்தனக் குழம்பு ஆகியவற்றைச் சோதித்து முத்திரை இடுவது சேந்தன் தொழில். தேவியார் வகுத்த விதிகள் இரண்டையும் இவன் அறிவான். சரக்கில் சேர்ந்த பொருள் அனைத்தையும் தீவின் எழுத்தில் ஓலையில் எழுதிச் சிமிழோடு அனுப்ப வேண்டும். முத்திரை இடுபவன் அச்சரக்கைத் தன் இடது முன்கையில் ஏழு நாள் பூசியிருந்து, தோல் கெடாமை கண்ட பின்பே முத்திரை இட வேண்டும். பிறர் முகத்துக்குப் போவதைத் தன் தோல் முதலில் தாங்கட்டும் என்ற அவ்விதியை இவன் பதினோராண்டாக அவைதோறும் மெச்சிப் பேசினான். பேச்சுக்கு என்ன குறைச்சல்?

சேந்தன் முன்னாளில் வில்வீரன். நாண் அடித்து அடித்து இவன் இடது முன்கை மாட்டுத்தோலாய்க் காய்த்துப் போயிருந்தது. எருக்கம்பாலை ஊற்றினாலும் அங்கே உறைக்காது. விதியில் இடக்கை என்றுதானே இருக்கிறது என்று இவன் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். இத்தனை ஆண்டும் சரக்கு நல்லதாக இருந்ததால் பிழைத்தானே ஒழிய, இவன் சோதனையால் எவரும் பிழைக்கவில்லை.

இவ்வாண்டு, கடற்காற்றில் குங்குமம் கறுக்கிறது என்று வணிகர் முறையிட்டதால், குங்குமம் செய்யும் காரிநங்கை அதில் சாதிலிங்கம் என்னும் செந்நிற இரசக்கல்லின் பொடியைச் சேர்த்தாள். அதை அவள் மறைக்கவில்லை. சிமிழை ஏந்தி இவன் வாசலுக்கே வந்து அவள் சொன்ன சொல்லைச் சேந்தன் கூட்டாமல் குறைக்காமல் இங்கே எழுதுகிறான்: “ஐயா, இந்தத் தடவை சாதிலிங்கம் போட்டிருக்கேன். பழைய ஓலை இதுக்கு ஆகாது. புதுசா எழுதி, கையில பூசிப் பாத்துட்டு அனுப்புங்க.” பூசிப் பார்ப்பதாக இவன் ஒப்பினான். புது ஓலையைத் தீவின் எழுத்தில் எழுதி முடிப்பதற்குள் கலம் செலுத்தும் பருவக்காற்று போய்விடும் என்றும், பழைய ஓலையே போதும் என்றும், தீவின் விதி தனக்குத் தெரியும் என்றும் சொல்லி அவளை அனுப்பிவிட்டான். தீவின் எழுத்து அறியாத அவள், அறிந்தவன் சொல்லை நம்பிப் போனாள்.

நாலாம் நாள் வியர்வையோடு குங்குமம் வழிந்து, காய்ப்பு முடிந்து மெல்லிய தோல் தொடங்கும் முழங்கை மடிப்பில் தங்கியது. அங்கே சிவந்தது, தினையளவாய்க் கொப்புளித்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா? சேந்தன் அதைக் கண்டான். கண்டும் வடிகஞ்சியால் கழுவி, மேலாடையை இழுத்து மூடி, மறுநாள் காலையில் “ஏழு நாள் கண்டது, குற்றமில்லை” என்று எழுதி முத்திரை இட்டான். ஒரு காற்றையும் தவறவிடாத அதிகாரி என்று அவையில் இவனுக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்காகத்தான் செய்தான். வேறு காரணம் சொன்னால் அது இரண்டாம் பொய்.

நேற்றுத் தீவின் துடுப்புப்படகு சேதி கொணர்ந்தது. இருபத்துமூன்று பெண்களின் நெற்றி வெந்ததென்றும், அவர்களில் ஒருத்தி ஈரத்துணியை நெற்றியில் கட்டியபடி மணமேடை ஏறினாள் என்றும், சரக்கோடு வந்த காரிநங்கை சிறையில் இருக்கிறாள் என்றும், ஓலையில் பொய் எழுதியோர்க்குரிய தண்டமாக வரும் பௌர்ணமியன்று அவள் வலக்கைப் பெருவிரல் கொய்யப்படும் என்றும் படகோட்டிகள் உரைத்தனர். அதிகாரியிடம் அன்றே சொன்னேன் என்று அவள் அழுதாளாம். மருதவேலி முத்திரை பொய் சொல்லாது என்று தேவியாரின் நடுவர்கள் மறுத்தனராம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் வாய்மொழியைப் பொய்யாக்கியது இவன் முத்திரை மோதிரம். குங்குமம் குழைக்கும் பெருவிரல் போனால் அவளுக்கு வாழ்வேது?

இவன் இச்சேதி கேட்டவுடன் மன்னர் திருமுன் விழுந்து யாவும் சொன்னான். எஞ்சிய சிமிழ்களை உடைத்துப் புதைக்கவும், புது ஓலையும் புதுச் சோதனையும் இன்றி ஒரு சிமிழும் துறை தாண்டாதிருக்கவும் மன்னர் ஆணையிட்டார். விதியில் இடக்கை என்றிருப்பதை முழங்கை மடிப்பு என்று தேவியார் திருத்தியருள வேண்டும். இவனைப் போல் காய்த்த கையர் இன்னும் இருப்பர்.

இவ்வோலைக்கு மோதிர முத்திரை இல்லை. சேந்தன் அதை மன்னர் முன் உடைத்தான். பவளவேலிக்குப் படகுவழி ஏழு நாள்; பௌர்ணமிக்கு முன்பே கரை சேரலாம். அதே குங்குமத்தைத் தன் வலக்கை மடிப்பில் பூசிக்கொண்டே இவன் இன்று படகேறுகிறான். கரை சேரும்வரை கழுவமாட்டான். ஆகவே தேவியார் ஓலையைப் படித்ததும், அதைக் கொணர்ந்து எதிரே நிற்பவனின் வலக்கையை விரித்துக் காண்க. அங்கிருப்பதே இதற்கு முத்திரை. கண்டபின் அவளை அவிழ்க்க. அந்தக் கயிற்றாலேயே இவனைக் கட்டுக.