குமுதா போட்ட பூஜ்யங்கள்

குமுதா,

நீ தூங்குகிறாய், எழுப்ப மனம் வரவில்லை. நம் கார் பட்டறையில் கிடக்கிறது. பக்கத்துத் தாமான் குடியிருப்பில் உன் அண்ணனிடம் காரை இரவல் வாங்கப் போகிறேன். இருபது நிமிடத்தில் வந்துவிடுவேன்.

உன் நெற்றி கொதித்தது. சூடு பார்த்தேன், 38.6. ஆஸ்பத்திரி செயலியில் போடலாம் என்று உன் போனைத் திறந்தேன். கீமோ ஏற்றியதிலிருந்து இந்த ஒன்பது நாளும் வலி, வாந்தி, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் நீ பூஜ்யம் போட்டிருக்கிறாய்! நேற்று நான் கேட்டபோதுகூட, "எல்லாம் சரியா போட்டுட்டேன் லா, சும்மா நச்சரிக்காதீங்க" என்று கத்தினாய். மறுபடியும் வார்டில் படுக்க வைத்துவிடுவார்கள் என்ற உன் பயம் எனக்குப் புரியாதா?

நான் உண்மையைப் போட்டுவிட்டேன். ஐந்தே நிமிடத்தில் நர்ஸ் போனில் கூப்பிட்டார். "உடனே ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, லேட் பண்ணாதீங்க" என்றார்.

பனடோல் மாத்திரை போடாதே, காய்ச்சலை மறைத்துவிடுமாம். பிளாஸ்கில் கஞ்சி இருக்கிறது. பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா இப்போது வந்து உன்னோடு இருப்பார். அவருக்காகக் கேட்டைப் பூட்டவில்லை.

திட்டுவதாக இருந்தால் காரில் திட்டு.

தர்மா

இன்னொன்று. செயலியில் கடைசியாக, "கவலை எவ்வளவு?" என்று கேட்டது. உன்னுடையது எனக்குத் தெரியவில்லை. என்னுடையதைப் போட்டுவிட்டேன். பத்துக்குப் பத்து.