வெறும் வடிதாள்

17 ஆகஸ்ட் 1995, வியாழன்

இன்று லேபில் எங்கள் ஆய்வுக்கு வழிகாட்டும் சாரிடம் சொல்லவில்லை. "வேற ஏதாச்சும் இருக்குதா அம்மணி?" என்று கேட்டார். "இல்லீங்க சார்" என்றேன்.

ஆட்டு ஈரல் செல்லில் ஒரு ஹார்மோன் ஒட்டிக்கொள்ளும் ஏற்பியைக் கண்டுபிடித்ததுதான் லேபில் எனக்கு மூத்தவரான கலாமணி அக்காவின் ஆய்வு. செல்லையும் ஹார்மோனையும் கலந்து வடிதாளில் ஊற்றிக் கழுவினால் செல்லும் அதில் ஒட்டிய ஹார்மோனும் மட்டுமே தாளில் தங்கும் என்று நம்பி, அதை அளந்தார். திங்களன்று ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். கல்யாணத்தை அதற்காகவே தள்ளிவைத்திருக்கிறார்.

வடிதாள் வெளிநாட்டிலிருந்து வருவதால் எங்கள் லேபில் ஒன்றைக்கூட வீணாக்கக் கூடாது. அதனால் செல் இல்லாமல் யாரும் வடித்துப் பார்த்ததே இல்லை. நேற்று நான் ஹார்மோனை மட்டும் தாளில் ஊற்றி, கழுவி, அளந்தேன். ஏறக்குறைய அக்காவின் அளவே வந்தது. இன்று காலை இன்னொரு தாளிலும் அப்படியே. ஹார்மோன் ஏற்பியில் ஒட்டவில்லை. தாளில் ஒட்டுகிறது.

மாலை சிங்காநல்லூர் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏங் கண்ணு மொகம் வாடிக் கெடக்குது? ஜர்னலுக்கு அனுப்பற பேப்பர்ல உன்ற பேரையும் போடச் சொல்லிப்போட்டேன். கொஞ்சம் சிரி."

அதைக் கேட்ட பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

"வெறுந் தாள்லயா?"

"ஆமாங்கக்கா. ரெண்டு தாள்லயும்."

"சாருக்குத் தெரியுமா?"

"இல்லீங்க."

அக்கா எழுந்தார். "ஏனுங்க, வண்டிய நிறுத்துங்க."

"இங்க ஸ்டாப் இல்லீங்களே" என்றார் கண்டக்டர்.

"பரவால்லீங்க. சார் கெளம்பறதுக்குள்ள நானே சொல்லிப்போடோணும்."

பஸ் நின்றது. அக்கா இறங்கிச் சாலையைக் கடந்து, லேபுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினார்.